கேள்வி பதினான்கு

உரிமம் புதுப்பிக்கும் ஆண்டு இது.
பாக்கி இரண்டு மணி நேரம்:
குடும்ப வன்முறை, கட்டாயப் பாடம்.
கெடு முடிவதற்கு முந்தைய இரவு வரை
தள்ளிப்போட்டிருந்தேன்,
பல் டாக்டரைத் தள்ளிப்போடுவதுபோல.

டாம்பாவில் மழை.
சமையல் மேடையில் மடிக்கணினி,
பக்கத்தில் ஆறிப்போன ரசம் சாதம்.
திரையில் ஒரு பெண்குரல் படிக்கிறது,
விமானத்தில் அவசர வழியைக் காட்டுகிற அதே குரல்.
வேகமாக ஓட்ட முடியாது.
பக்கத்துக்கு ஒரு கடிகாரம்,
அது ஓடி முடிந்தால்தான்
அடுத்த பக்கம் திறக்கும்.

அடி மட்டுமல்ல, என்றது குரல்.
வங்கி அட்டை. போனின் கடவுச்சொல்.
கார் இன்று எத்தனை மைல் ஓடியது என்ற கணக்கு.
அம்மாவோடு பேச வாரத்தில் ஒரு நாள், ஸ்பீக்கரில்.
தெரியும் தெரியும் என்று
தட்டோரம் மிளகை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

கேள்வி பதினான்கு.
தம்பதியாக வருபவர்களிடம்
வீட்டில் பயம் உண்டா என்பதை எப்போது கேட்பீர்கள்?
அ. இருவரும் சேர்ந்திருக்கும்போது
ஆ. தனித்தனியாக
இ. அவர்களே பேச்சை எடுத்தால் மட்டும்

கை நின்றுவிட்டது.

ஒன்பது வருடம் முன்னால்
ஒரே சோபாவில் உட்காரவைத்துத்தான் கேட்டேன்,
கோமதவல்லியை.
அவர் எனக்கும் சேர்த்துக் காபி வாங்கி வந்திருந்தார்.
கோப்பையில் என் பெயர்
எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது;
இந்த ஊரில் அது அபூர்வம்.
நான் அதற்கு மயங்கியிருக்க வேண்டும்.
அவள் அவருடைய ஷூவைப் பார்த்தாள்.
பழுப்பு ஷூ, இறுக்கிக் கட்டிய கயிறு.
பிறகு சொன்னாள்:
'அனுசரிச்சுப் போறேங்க.'

தமிழ் தெரிந்தவள் என்றுதான்
நாற்பது மைல் தாண்டி என்னிடம் வந்தாள்.
அந்த ஒரு சொல்லை நான்
ஆங்கிலக் குறிப்பில் இறக்கிவைத்தபோது
எடை காணாமல் போயிருந்தது.
தம்பதிக்குள் நல்ல ஒத்துழைப்பு,
என்று எழுதி
தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

நாலு சந்திப்பு. ஐந்தாவது இல்லை.
ரத்து செய்யக் கூப்பிட்டது அவர்தான்,
அவ்வளவு மரியாதையாக.
அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.
தேடியதில்லை என்று சொல்ல மாட்டேன்:
அவள் பெயரைத் தட்டி
வல்லி வருமுன் அழித்திருக்கிறேன், பல இரவு.

அடிக்கிற கைதான் அணைக்கும்.
எங்கள் வீட்டிலும் சொன்னதுண்டு.
அது யார் கை என்று
நானும் கேட்டதில்லை.

ஆ.
பச்சை விளக்கு. சரியான விடை.
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
சான்றிதழை அச்சிட்டால் கறுப்பு மை தீர்ந்து
என் பெயர் ஊதாவாக வந்தது,
ஒரு வாரத்துக் காயத்தின் நிறத்தில்.
அதை அப்படியே கோப்பில் வைத்தேன்.

மறுநாள் காலை பதினொன்று. புதியவர்கள்.
கதவை அவன்தான் அவளுக்காகத் திறந்து பிடித்தான்.
அவளுடைய கைப்பை அவன் தோளில் தொங்கியது.
வரவேற்பில் யோலாண்டா
கிளிப்பலகையை அவனிடம் நீட்டினாள்:
காப்பீட்டுப் படிவம், ஐந்து பக்கம்.

'முதல் தடவை ஒவ்வொருவரையும்
தனியாகப் பார்ப்பது இங்கே வழக்கம்' என்றேன்.
அந்த வழக்கத்துக்கு அப்போது வயது
பதின்மூன்று மணி நேரம்.
அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.
'சீக்கிரம் வந்துடு' என்றான் அவளிடம்.

கதவைச் சாத்தினேன்.
எந்த நாற்காலி வேண்டுமானாலும், என்றேன்.
அவள் உட்காரவில்லை.
நான் இன்னும் எதையுமே கேட்கவில்லை.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்,
கதவைப் பார்த்தாள்,
குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்:

'அஞ்சு பக்கம் எழுத
எவ்வளவு நேரங்க ஆகும்?'